கட்டையில் வளரும் ஆர்க்கிடும் செடியின் நன்மையும்

ஆர்க்கிட் செடிகளை வளர்க்க இரண்டு வழிகள் உண்டு. கரித்துண்டு, மரப்பட்டை, ஓட்டுச்சில்லு போன்றவற்றை நிரப்பிய தொட்டியில் நடுவது ஒன்று. தொட்டியே இல்லாமல், ஒரு மரக்கட்டையிலோ கார்க் பட்டையிலோ மரப்பெரணிப் பலகையிலோ செடியை நூலால் கட்டித் தொங்கவிடுவது மற்றொன்று. எந்த இனத்தை எந்த வழியில் வளர்ப்பது என்பது தோட்டக்கலைக் கேள்விதான். ஆனால் ‘இந்தச் செடி கட்டைக்கு ஏற்றது’ என்று ஒருவர் சொன்னால், அவர் எதைப் பற்றிப் பேசுகிறார்? செடிக்குள்ளேயே இருக்கும் ஒரு குணத்தைப் பற்றியா, செடிக்கும் இடத்துக்கும் உள்ள உறவைப் பற்றியா, அல்லது தம் விருப்பத்தைத்தான் செடியின் மேல் ஏற்றிச் சொல்கிறாரா? உயிருள்ள ஒன்றுக்கு, அதை வைத்திருப்பவரின் ஆசையைச் சாராத நன்மை உண்டா என்னும் பழைய தத்துவ வழக்கு இங்கே மிகச் சிறிய அளவில், கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது.

வழக்கைத் தொடங்குமுன் செடியைப் பார்க்க வேண்டும். ஆர்க்கிட் குடும்பத்தில் ஏறத்தாழ 28,000 இனங்கள் உள்ளன. அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானவை மரங்களின் மேல் தொற்றி வாழ்பவை. தொற்றி வாழ்வதால் அவற்றைப் புல்லுருவியோடு சேர்த்துவிடக் கூடாது. புல்லுருவி தான் ஏறிய மரத்துக்குள் உறிஞ்சு வேரைச் செலுத்தி அதன் சாற்றைக் குடிக்கிறது. தொற்று ஆர்க்கிட் மரத்திடம் கேட்பது நிற்க ஓர் இடம் மட்டுமே. மழையும் பனியும் பட்டையில் வழியும் நீரும், அந்த நீரில் கரைந்து வரும் பறவை எச்சமும் இலைமக்கும்தான் அதன் உணவு.

இந்த வாழ்க்கைக்கு ஏற்ப அதன் வேர் அமைந்திருக்கிறது. வேரைச் சுற்றி வெலமன் என்னும் உறை உண்டு. அது செத்த செல்களால் ஆன பஞ்சு போன்ற அடுக்கு. வாண்டா என்னும் தொற்று ஆர்க்கிடின் காய்ந்த வேர் வெள்ளிபோல் வெளுத்திருக்கும். அதன்மேல் தண்ணீர் தெளித்தால் சில நொடிகளில் நிறம் மாறிப் பச்சையாகும். வெலமன் நீரை நிரப்பிக்கொண்டதும் உள்ளே இருக்கும் பச்சையம் தெரியத் தொடங்குவதே காரணம். மழை தொடங்கியதும் முதலில் வழியும் நீரில்தான் சத்து அதிகம். அதை வெலமன் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிறகு காற்று பட்டு வேர் காய்கிறது. நனைவதும் காய்வதும் மாறி மாறி வர வேண்டும். நனைந்தபடியே கிடக்கும் வேர் மூச்சுத் திணறி அழுகுகிறது.

இதை அறிய ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கொடுத்த விலை அதிகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெப்பமண்டலக் காடுகளிலிருந்து இங்கிலாந்துக்கு ஆர்க்கிட்கள் கப்பல் கப்பலாக வந்தன. மரத்தின் மேல் வளர்ந்தவை என்பதால் பலர் அவற்றை ஒட்டுண்ணிகள் என்று கருதினார்கள். வெப்பநாட்டுச் செடி என்பதால் இடைவிடாத சூடும் ஈரமும் வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். மண் நிறைத்த தொட்டியில் நட்டு, நொதித்துச் சூடேறும் மரப்பட்டைத் தூள் படுகையில் புதைத்து, காற்றுப் புகாத கண்ணாடி வீடுகளில் வைத்தார்கள். செடிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. சர் ஜோசப் பேங்க்ஸ் சுள்ளிக் கூடைகளில் பாசியோடு வைத்து வளர்த்துப் பார்த்தார். 1830களில் சாட்ஸ்வொர்த் மாளிகையின் தோட்டத் தலைவர் ஜோசப் பாக்ஸ்டன் கண்ணாடி வீட்டுக்குள் காற்றோட்டம் வர வழி செய்தார். அதன் பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. செத்த செடிகளின் உரிமையாளர்கள் பெரும்பணம் கொடுத்து வாங்கியவர்கள். அவற்றின் மேல் உண்மையான ஆசை கொண்டவர்கள். ஆசை குறைந்ததால் எந்தச் செடியும் சாகவில்லை. ‘ஏற்றது’ என்பது வளர்ப்பவர் மனத்தில் மட்டும் இருக்கும் ஒன்று என்ற மூன்றாவது விடை இந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது. மனத்தில் மட்டும் இருப்பதாக இருந்தால் அவர்கள் தவறியிருக்க முடியாது.

அப்படியானால் அது செடிக்குள் இருக்கிறதா? இருக்கிறது என்பதற்கு மேலைத் தத்துவத்தில் மிக வலுவான வாதம் அரிஸ்டாட்டிலுடையது. இயற்கைப் பொருள் ஒவ்வொன்றும் தன் இயக்கத்துக்கும் நிலைத்தலுக்குமான காரணத்தைத் தன்னுள்ளேயே கொண்டிருக்கிறது என்றார் அவர். கட்டிலுக்கு அது தச்சனிடம் இருக்கிறது. செடிக்குச் செடியிலேயே இருக்கிறது. ‘இயற்பியல்’ நூலின் இரண்டாம் பகுதியில், இயற்கை ஒரு நோக்கத்தோடு இயங்குவதற்குச் சான்றாக, செடிகள் உணவுக்காக வேரை மேலே விடாமல் கீழே விடுவதைக் காட்டுகிறார். தொற்று ஆர்க்கிடை அவர் பார்த்திருக்க வழியில்லை. பார்த்திருந்தால் இந்த எடுத்துக்காட்டைக் கொஞ்சம் திருத்தியிருப்பார். வாண்டாவின் வேர் கீழே மண்ணைத் தேடிப் போவதில்லை. பக்கவாட்டில் பட்டையைத் தழுவி ஓடுகிறது. பட்டை கிடைக்காதபோது வெறும் காற்றில் முழக்கணக்கில் தொங்குகிறது. பேய் ஆர்க்கிட் எனப்படும் டென்ட்ரோஃபைலாக்ஸ் லிண்டெனி இன்னும் விசித்திரமானது. புளோரிடாவின் சதுப்புக் காடுகளிலும் கியூபாவிலும் வாழும் அதற்கு இலையே இல்லை. இலை செய்ய வேண்டிய வேலையை வேர்களே செய்கின்றன. தென்னிந்தியாவில் உள்ள டீனியோஃபில்லம் இனங்களும் அப்படிப்பட்டவை.

எடுத்துக்காட்டு தவறினாலும் வாதம் தப்பித்துக்கொள்கிறது. வேர் கீழே போவது நல்லதா மேலே போவது நல்லதா என்பதை வேரை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த இனம் வாழும் முறையை வைத்தே சொல்ல முடியும். மெய்யியலாளர் பிலிப்பா ஃபுட் 2001இல் வெளியான ‘இயற்கை நன்மை’ நூலில் இதையே புதுப்பித்தார். ஓக் மரத்துக்கு ஆழமான, உறுதியான வேர் நல்லது, ஆழமில்லாத வேர் குறை; ஏனென்றால் ஓக் என்னும் உயிரினம் அப்படித்தான் நிமிர்ந்து நின்று வாழ்கிறது. அதே அளவுகோலை ஆர்க்கிடிடம் கொண்டுபோனால் ஆழமற்ற, வெளியே தெரியும், அடிக்கடி காயும் வேர்தான் நல்ல வேர். இரண்டு தீர்ப்புகளும் ஒன்றுக்கொன்று எதிராகத் தோன்றினாலும் தீர்ப்பின் இலக்கணம் ஒன்றே.

இந்த வாதத்தை அப்படியே ஏற்றால் தேர்வு எளிதாகிவிடும். காட்டில் மரத்தில் வளர்வது கட்டைக்கு, தரையில் வளர்வது தொட்டிக்கு. வேர் விஷயத்தில் இது பெருமளவு சரி. சென்னை வீட்டுத் தோட்டங்களில் கண்ணில் படும் ஸ்பாத்தோகுளோட்டிஸ், ஈர நிலத்தை விரும்பும் ஃபாயஸ், அகத்தியமலைப் பகுதியில் மட்டுமே இயற்கையாக வாழும் பாஃபியோபெடிலம் ட்ரூரி ஆகிய தரை இனங்களைக் கட்டையில் கட்டினால் அவை வாடிப்போகும். ஆனால் மறுபக்கத்தில் விதி தடுமாறுகிறது. ஆண்டிஸ் மலையின் மேகக் காடுகளில் மரக்கிளைகளில் வாழும் மாஸ்டிவேலியா முழுத் தொற்றுச் செடி. ஆனால் அதற்கு நீர் சேமிக்கும் போலிக்குமிழ் கிடையாது, வேர்களும் மெல்லியவை. நாள் முழுக்கப் பனிமூட்டம் சூழ்ந்த குளிர்ந்த கிளையில் அது கவலையின்றி இருக்கும். அதே செடியைச் சமவெளியில் ஒரு கட்டையில் கட்டித் தொங்கவிட்டால் ஒரு பகலில் சுருங்கிவிடும். மாறாக, தடித்த தோல்போன்ற இலையுடைய சிம்பீடியம் அலோயிஃபோலியம் காட்டில் மரக்கவட்டையிலும் பனைமரத்திலும் வளர்கிறது. தொட்டியிலும் குறையில்லாமல் வளர்கிறது. உலகச் சந்தையில் விற்கும் ஃபலனாப்ஸிஸ் செடிகள் அநேகமாக எல்லாமே தொட்டியில் வளர்ந்து பூத்தவை.

இயற்கையில் இருப்பது என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது என்று ஜான் ஸ்டூவர்ட் மில் வாதிட்டார். அவர் இறந்தபின் 1874இல் வெளியான ‘இயற்கை’ என்ற கட்டுரையில் அது இருக்கிறது. ஆர்க்கிட் அவருக்கு நல்ல சாட்சி. ஒரு காய் வெடித்தால் தூசிபோன்ற விதைகள் ஆயிரக்கணக்கில், சில இனங்களில் லட்சக்கணக்கில் பறக்கும். மரத்தைச் சென்றடைந்து பூக்கும் வயது வரை பிழைப்பவை அதில் மிகச் சில. மீதியைக் கொன்றதும் இயற்கைதான். காட்டுக் கிளையில் பிழைத்த செடியும் பெரும்பாலும் வறட்சியில் சுருண்டு, பூச்சி தின்ற இலையோடு, இரண்டு மூன்று பூக்களோடு நிற்கும். அந்த நிலையைக் கண்காட்சிக்கு அனுப்பும் தோட்டக்காரர் யாரும் இல்லை. எனவே காடு கட்டளையிடுவதில்லை, சாட்சி சொல்கிறது. அந்த இனம் எதைத் தாங்கும், எது இல்லாமல் இருக்காது என்பதற்கான சாட்சி. சாட்சியைக் கேட்டுத் தீர்ப்பு எழுத வேண்டியவர் வளர்ப்பவர்.

எதைத் தேடிச் சாட்சியை விசாரிப்பது என்பதற்கு ஃபலனாப்ஸிஸே உதவும். காட்டில் அது நிமிர்ந்து நிற்பதில்லை. மரத்தின் பக்கத்திலிருந்து சாய்ந்து, இலைநுனி கீழே பார்க்கத் தொங்குகிறது. அதன் வளர்முனை இலைகளின் நடுவில் ஒரு குழிக்குள் இருக்கிறது. மழைநீர் குழியில் தங்காமல் வடிய வேண்டுமானால் செடி சாய்ந்துதான் இருக்க வேண்டும். தொட்டியில் நிமிர்த்தி நட்டால் குழியில் நீர் தேங்கி, முனை அழுகி, செடி முழுவதும் போய்விடும் ஆபத்து உண்டு. நீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளும் கை இருந்தால் தொட்டி போதும். அந்தக் கவனம் இல்லாத இடத்தில், செடியைச் சாய்த்துக் கட்டிய கட்டை அந்த வேலையைத் தானே செய்துவிடும். காட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது மரமோ கிளையோ இல்லை. நீர் வடியும் திசைதான்.

இங்கே சைவ சித்தாந்தம் வைத்திருக்கும் ஒரு பாகுபாடு மேலை நூல்களைவிடக் கூர்மையாக உதவுகிறது. ஒரு பொருளின் இயல்பை இரண்டு வகையில் சொல்லலாம். வேறெதோடும் சார்த்தாமல் அதன் அளவில் சொல்வது சொரூப இலக்கணம். பிறிதொன்றோடு சார்த்திச் சொல்வது தடத்த இலக்கணம். இறைவனைப் பற்றிப் பேசும்போது, படைத்தல் முதலிய ஐந்தொழிலும் உலகைச் சார்த்திச் சொல்லப்படுவதால் தடத்தம்; உலகைக் கருதாத அவன் தன்நிலை சொரூபம். பன்னிரண்டு சூத்திரங்கள் கொண்ட மெய்கண்டாரின் சிவஞானபோதம் பொது என்றும் உண்மை என்றும் இரண்டு அதிகாரங்களாகப் பிரிந்திருப்பதும் இந்த வேறுபாட்டை ஒட்டியதே. இறையியலுக்காக வகுத்ததைப் பூச்செடிக்கு இழுத்து வருவது அளவு மீறியதாகப் படலாம். ஆனால் கருவி எங்கே செய்யப்பட்டது என்பதைவிட எங்கே வெட்டுகிறது என்பதுதான் முக்கியம்.

தடித்த வெலமன், நீர் சேமிக்கும் தண்டு அல்லது இலை, தொங்கும் பூக்கதிர், படர்ந்து செல்லும் வளர்ச்சி இவையெல்லாம் செடியின் சொரூபம். அவை சென்னையிலும் கொழும்பிலும் லண்டனிலும் ஒன்றே. கட்டைக்கு ஏற்றதாக இருத்தல் தடத்தம். அது காற்றின் ஈரத்தையும், வெயிலையும், நாளுக்கு எத்தனை முறை தண்ணீர் தெளிக்க ஆள் இருக்கிறது என்பதையும் சார்ந்தது. தடத்தம் என்பதால் அது கற்பனை ஆகிவிடாது. இரண்டு கற்களுக்கு நடுவே உள்ள தூரம் எந்தக் கல்லுக்குள்ளும் இல்லை, ஆனாலும் அளந்தால் ஒரே விடைதான் வரும். ஏற்புடைமையும் அந்த வகை உண்மை. பட்டியல் நூல்கள் ‘கட்டைக்கு ஏற்றவை’ என்று தலைப்பிட்டுப் பெயர்களை வரிசையாக அடுக்குவதில் உள்ள குறை, தடத்தத்தைச் சொரூபமாக அச்சடிப்பதுதான். எழுதியவரின் ஊர்க் காற்று அந்தப் பட்டியலில் சொல்லாமல் ஒளிந்திருக்கிறது.

இந்த எச்சரிக்கையோடு சில இனங்களைக் குறிப்பிடலாம். மெக்சிகோவிலிருந்து தென் அமெரிக்காவின் வடபகுதி வரை பரவிய பிராசவோலா நோடோசா கடற்கரை வறட்சியையும் தாங்குவது. அதன் இலை கிட்டத்தட்ட உருண்டையாக, சதைப்பற்றோடு இருக்கும். பூ இரவில் மணக்கும். மறந்து இரண்டு நாள் தண்ணீர் விடாமல் போனாலும் மன்னிக்கும் செடி. கட்டையில் முதல் செடியாக வைக்க இதைவிடப் பொருத்தமானதைக் காண்பது கடினம். டென்ட்ரோபியம் லிண்ட்லேயி குட்டையான, தடித்த போலிக்குமிழ் ஒவ்வொன்றிலும் ஒற்றை இலை கொண்டது. குளிர்காலத்தில் நீரைக் குறைத்தால்தான் மஞ்சள் பூக்குலைகள் நன்றாக வரும். தொட்டியில் உள்ளே தேங்கும் ஈரம் அந்த ஓய்வைக் கெடுக்கும். கட்டையில் ஓய்வு தானாக வாய்க்கிறது. டென்ட்ரோபியம் அஃபில்லம் போன்றவற்றின் நீண்ட தண்டுகள் தொங்கவே செய்யும். அவற்றைத் தொட்டியில் குச்சி வைத்து நிமிர்த்துவது செடியோடு சண்டை போடுவது. அசாமிலும் அருணாசலத்திலும் மாநிலப் பூவாக உள்ள ரிங்கோஸ்டைலிஸ் ரெட்யூசா மேற்குத்தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும்கூட உண்டு. பிஹு நடனத்தில் பெண்கள் கொண்டையில் சூடும் நரிவால் போன்ற அதன் பூக்கதிர் வளைந்து கீழே இறங்குவது. வேரோ தொட்டிக்குள் அடைபடுவதை வெறுப்பது. இந்தியச் சமவெளிகளில் மாமரங்களின் மேல் காணப்படும் வாண்டா டெஸலேட்டாவும் இந்த வரிசையில் சேரும். பேய் ஆர்க்கிடோ ஏறக்குறைய விதிவிலக்கு இல்லாதது. வேரே இலையாக இருப்பதால் அதைத் தொட்டிக்குள் புதைத்தால் வெளிச்சம் கிடைக்காது. சொரூபமே தடத்தத்தைத் தீர்மானித்துவிடும் அரிய இடம் அது.

இவை எல்லாவற்றிலும் இடம் குறுக்கே வரும். மே மாத அனல்காற்று வீசும் மாடியில், ஒரு வேளை மட்டும் தண்ணீர் ஊற்ற முடிந்தவருக்கு மேற்சொன்ன வாண்டாவே கட்டையில் தவிக்கும். அவருக்கு, பெரிய கரித்துண்டுகள் போட்ட கூடை நல்ல சமரசம். வேரடியில் ஸ்பேக்னம் பாசியைக் கொஞ்சம் வைத்துக் கட்டினாலும் ஈரம் சற்று நேரம் நிற்கும். இலங்கையின் ஈரவலயத்தில் அந்தப் பாசியே கேடாகும். குளிர்காலத்தில் சூடாக்கிக் காற்றை உலர்த்திய லண்டன் அறையில் பிராசவோலாவைத் தவிர மற்றவை பெரும்பாலும் சிரமப்படும். கண்ணாடிப் பெட்டிக்குள் பனிமூட்டம் உண்டாக்கி வைத்திருப்பவரோ மாஸ்டிவேலியாவையும் கட்டையில் வளர்த்துக் காட்டுவார். நாகார்ஜுனரின் மத்தியமகப் பௌத்தர் இதைக் கேட்டால் ஒரு படி மேலே போவார்: உறவுகளையெல்லாம் கழித்துவிட்டால் மிஞ்சும் சொரூபம் என்று ஒன்று உண்டா என்ன, வெலமனும் யுகயுகமாக மழையையும் வெயிலையும் சார்ந்து உண்டானதுதானே என்பார். நீண்ட காலக் கணக்கில் அவர் சொல்வதில் நியாயம் உண்டு. செடியை வாங்கி வந்து இன்று மாலைக்குள் கட்ட வேண்டியவருக்கு வெலமன் மாறாத ஒன்றாகவே நடந்துகொள்கிறது.

மரத்தின் பக்கமிருந்தும் இந்த உறவைப் பார்க்க வேண்டும். மரம் ஆர்க்கிடுக்காகவா இருக்கிறது? 1790இல் வெளியான ‘தீர்ப்புத்திறன் பற்றிய ஆய்வு’ நூலில் காண்ட் இதற்கு ஒப்பான கேள்வியை எழுப்பினார். பழங்காலக் கடல் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற மணல்வெளியில் ஊசியிலை மரங்கள் செழித்தன. மரங்கள் வரவேண்டும் என்பதற்காகத்தான் கடல் மணலைப் போட்டது என்று சொல்லலாமா? ஒன்று மற்றொன்றுக்குப் பயன்படுவது புறநோக்கம். அதைக்கொண்டு எது எதற்காகப் படைக்கப்பட்டது என்று முடிவு கட்ட முடியாது என்பது அவர் விடை. ஓர் உயிரியின் உறுப்புகள் ஒன்றுக்கொன்று காரணமும் பயனுமாக இருப்பது அகநோக்கம், அது வேறு. மாமரப் பட்டையின் சொரசொரப்பு வாண்டாவின் வேருக்கு வாய்ப்பாக இருக்கிறது. அது மாமரத்தின் கடமை ஆகிவிடாது.

தொங்கவிடக் கட்டையைத் தேர்ந்தெடுப்பவருக்கு இந்த வேறுபாடு வெறும் நூலறிவு இல்லை. எல்லாப் பொருளும் ஒரே விலையில் வருவதில்லை. போர்ச்சுகல் முதலிய நாடுகளில் கார்க் ஓக் மரத்தின் பட்டையை ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை அல்லது இன்னும் சற்றுத் தள்ளி உரிக்கிறார்கள். மரம் சாவதில்லை, புதுப்பட்டை வளர்கிறது. மரப்பெரணிப் பலகை அப்படி வராது. அதன் தண்டை அறுக்க வேண்டும், அறுத்தால் பெரணி போயிற்று. ஆர்க்கிட் வேருக்கு அந்தப் பலகை கார்க்கைவிட நன்றாகவே பிடிக்கும். ஈரத்தையும் சரியான அளவில் வைத்திருக்கும். ஆனால் நீலகிரியிலும் வளரும் சயாத்தியா வகை மரப்பெரணிகள் மெதுவாக வளர்பவை; அவற்றின் பன்னாட்டு வணிகம், அருகிவரும் உயிரினங்களுக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஒரு செடியின் நன்மைக்காக இன்னொரு செடியின் உயிர் என்று வரும்போது, ‘ஆர்க்கிடுக்கு ஏற்றது’ என்ற அளவுகோல் மட்டும் போதாது. தேக்குத் துண்டு, காய்ந்த மாங்கிளை, தேங்காய் மட்டை என்று மாற்றுகள் இருக்கையில் மரப்பெரணியைக் கேட்பது அவசியத்தைவிட ஆடம்பரத்துக்கே நெருக்கம். தாமிரச் சேர்மம் ஏற்றிப் பதப்படுத்திய மரத்தை மட்டும் தொடவே கூடாது. தாமிரம் ஆர்க்கிடுக்கு நஞ்சு.

நன்மை, தீமை, உயிர் என்றெல்லாம் பேசும்போது, உணராத ஒன்றுக்கு இவை பொருந்துமா என்ற ஐயம் வரும். இந்திய மரபுகளில் இதற்குப் பல விடைகள் கிடைக்கின்றன. தொல்காப்பியத்தின் மரபியல் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்று வகுக்கிறது. அந்த ஓரறிவு தொடுவுணர்வு. சமணமும் செடிகொடிகளை ஒற்றைப் புலன் உடைய உயிர்களாகக் கொண்டு, அவற்றுக்கு ஊறு செய்வதையும் இம்சையாகவே எண்ணுகிறது. மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் மரங்களுக்கு உயிருண்டா என்று பரத்துவாசர் ஐயப்படுகிறார். வெப்பத்தில் வாடுவது, கொடி தன் பற்றுக்கோட்டைத் தேடிப் போவது போன்றவற்றைக் காட்டி உண்டு என்று பிருகு நிறுவுகிறார். தொடுவுணர்வை மட்டும் செடிக்குக் கொடுத்த தொல்காப்பிய மரபு ஆர்க்கிட் வேரைப் பார்த்தால் திருப்தி அடையும். பட்டையில் பட்ட வேர் அந்தப் பக்கம் தட்டையாகி, மேற்பரப்பின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் தொடர்ந்து ஒட்டிக்கொள்ளும். காற்றில் தொங்கும் அதே செடியின் வேர் உருண்டையாகவே இருக்கும்.

உணர்வு உண்டு என்று ஒப்புக்கொள்ளாமலேயே நன்மையைப் பேசலாம் என்பது ஃபின்லாந்து மெய்யியலாளர் கேயார்க் ஹென்ரிக் ஃபான் ரிக்ட்டின் நிலை. 1963இல் வெளியான ‘நன்மையின் வகைகள்’ நூலில், செழித்தல், நலிதல் என்று எதைப் பற்றிச் சொல்ல முடியுமோ அதற்கெல்லாம் அதனதன் நன்மை உண்டு என்கிறார். காருக்கு எண்ணெய் நல்லது என்று சொல்வது ஓட்டுபவரின் நன்மையைத் திருப்பிச் சொல்வது. செடிக்குத் தண்ணீர் நல்லது என்பது யாருடைய நன்மையையும் இரவல் வாங்கவில்லை. இதுவே இந்த இடத்துக்குப் போதுமான, தேவைக்கு மேல் எதையும் கோராத நிலை. வலி உண்டா இல்லையா என்ற வழக்கு தீரும்வரை காத்திருக்காமல், அழுகும் வேரைப் பார்த்து ‘இது செடிக்குக் கெடுதல்’ என்று சொல்ல அது உரிமை தருகிறது.

இந்த உரிமையோடு ஒரு சங்கடமும் வருகிறது. கட்டையில் கட்டிய செடி காட்டில் இருப்பதுபோலத் தோன்றும். அதனாலேயே சிலருக்குக் காட்டிலிருந்து பறித்த செடி மேல் ஆசை பிறக்கிறது. ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலிலோ, பாஃபியோபெடிலம் போன்றவை இன்னும் கடுமையான முதல் பட்டியலிலோ உள்ளன. ஒரு செடியின் நன்மையை அறிந்து போற்றுவதாகச் சொல்பவர், அந்த நன்மை மிக நிறைவாக இருந்த இடத்திலிருந்தே அதைப் பிடுங்கி வருவது முரண். ஆய்வகக் குடுவையில் விதையிலிருந்து வளர்த்த கன்றுக்கு இந்தக் குற்றம் இல்லை. அந்த வழி திறந்ததும் ஒரு சார்பைக் கண்டுபிடித்ததால்தான். ஆர்க்கிட் விதையில் சேமித்த உணவு இல்லை. முளைக்க ஒரு பூஞ்சை உள்ளே புகுந்து ஊட்ட வேண்டும் என்பதை 1899இல் நோயெல் பெர்னார் கண்டார். பூஞ்சை தருவதைச் சர்க்கரை கலந்த ஊடகம் தர முடியும் என்று 1922இல் லூயிஸ் நட்சன் காட்டினார்.

சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு என்று சித்தாந்தம் சொல்லும். பளிங்கு அருகிலுள்ள பொருளின் நிறத்தைக் காட்டுவதை அதற்கு உவமையாகக் காட்டுவார்கள். ஆர்க்கிட் இந்த விதிக்குப் பாதிதான் கட்டுப்படுகிறது. விதையாக இருக்கும்போது பூஞ்சை இல்லாமல் அது எதுவுமில்லை. வளர்ந்தபின் மரத்தைச் சார்ந்திருந்தும் மரத்தின் வண்ணம் ஆவதில்லை. மாமரத்தில் இருந்தாலும் தேக்கில் இருந்தாலும் வாண்டா அதே பூவைத்தான் பூக்கிறது. இடம் மாறினால் மாறுவது அது நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது. என்னவாக இருக்கிறது என்பது மாறுவதில்லை. சார்பை அடிமைத்தனமாகவும், தன்னியல்பைத் தனிமையாகவும் எண்ணிப் பழகிய மனத்துக்கு இந்தச் செடி கொஞ்சம் இடைஞ்சல்.

கட்டும் வேலையிலும் இதற்கு ஏற்ற காலம் உண்டு. பழைய வேர்கள் புதிய பரப்பைப் பிடிப்பதில்லை. புதிதாக வரும் பச்சை நுனி வேர்தான் பிடிக்கும். ஆகவே அடித்தண்டில் புது வேர் முளைவிடும் பருவத்தில் கட்ட வேண்டும், அதுவும் செடி கொஞ்சமும் அசையாதபடி இறுக்கமாக. ஆட்டம் இருந்தால் வேர்நுனி பட்டையில் உரசித் தேய்ந்து நின்றுவிடும். பருத்தி நூல் சில மாதங்களில் மக்கிப்போகும். அதற்குள் வேர் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கத் தாமதிக்கும் இனங்களுக்கு நைலான் நூல், பிறகு அதை வெட்டி எடுக்கலாம். போலிக்குமிழ் வரிசையாகப் படரும் இனமானால் அது நகரும் திசையில் கட்டை நீண்டிருக்க வேண்டும். தண்டு மேல்நோக்கி வளரும் வாண்டா போன்றதற்கு உயரம் வேண்டும்.

வேர் பிடித்தபின் தேர்வைத் திரும்பப் பெற முடியாது. பட்டையோடு ஒட்டிய வேரைப் பிரித்தால் வெலமன் கிழியும், வேர் சாகும். கட்டையோ நிரந்தரமில்லை. மாங்கட்டை சில ஆண்டுகளில் உளுத்துவிடும், கார்க் நீண்டநாள் தாங்கும். கட்டை உதிரத் தொடங்கும்போது அனுபவமுள்ள வளர்ப்பவர் செடியைப் பெயர்ப்பதில்லை. உளுத்த பாகத்தைத் தட்டிவிட்டு, வேர் பிடித்திருக்கும் பழைய துண்டை அப்படியே புதிய கட்டையின் மேல் வைத்துக் கட்டுகிறார். அடுத்து வரும் வேர்கள் பழையதைத் தாண்டிப் புதியதில் இறங்கிக்கொள்ளும்.